காய்ச்சலோட ஸ்கூலுக்கு வர்ற புள்ளைக்கு எதுக்குங்க சர்டிபிகேட்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் மதுரை ஜெய்ஹிந்த்புரம் பக்கம் ஒரு மெடிக்கல் ஷாப்புல வேலை பாக்குறேன். டி.ஃபார்ம் முடிச்சு கவுண்டர்ல நிக்க ஆரம்பிச்சு இந்தத் தையோட 14 வருஷம். பையன் ஏழாங்கிளாஸ் படிக்கிறான். உங்க பேப்பருக்கு இதுவரைக்கும் ஒரு வரி எழுதுனதில்ல, தெருவுல ரோடு போடலன்னு எழுதணும்னு நாலஞ்சு தடவ நெனச்சிருக்கேன், அப்புறம் அடுத்த மழ வந்துரும், பள்ளம் எங்கெங்க இருக்குன்னு நமக்கே மனப்பாடமாயிரும், விட்டுருவேன். இந்தத் தடவ விட மனசு வரல.

போன வாரம் பையன் ஸ்கூல் வாட்ஸ்அப் க்ரூப்புல ஒரு சர்குலர் வந்துச்சு. குளிர்காலத்துல மிடில் ஸ்கூல் புள்ளைகளோட அப்பா அம்மா என்னென்ன கவனிக்கணும்னு ரெண்டு பக்கம், முழுக்க இங்கிலீஷு. புள்ளைகளுக்கு கையுறையும் கம்பளித் தொப்பியும் போட்டு விடுங்க, காணாமப் போகாம இருக்க அதுல பேரு எழுதுங்க, பூட்ஸ்ல வந்தா கிளாஸுக்குள்ள மாத்திக்க வேற ஷூ குடுத்து விடுங்க, பனிக்கட்டி கொட்டுற அன்னைக்கு ஸ்கூல் லேட்டாத்தான் தொறக்கும், வீட்டு ஹீட்டர ஒருதடவ செக் பண்ணிக்கோங்க. மதுரைலங்க! ராத்திரி 20 டிகிரிக்கு எறங்குனாலே மங்கி குல்லாவத் தேடுற ஊரு இது, காலைல ஒம்பது மணிக்கு அதே குல்லாவ கழட்டி பைக்குல தொங்க விட்டுட்டு வேர்வையத் தொடைக்கிற ஊரு. யாரோ வெளிநாட்டு ஸ்கூலோடத அப்படியே எடுத்து, மேல நம்ம ஸ்கூல் பேர ஒட்டி அனுப்பிட்டாங்கன்னு பாத்த உடனே தெரிஞ்சுபோச்சு. அதுல நம்ம ஸ்கூல் சொந்தமா எழுதுனது கடைசி வரி ஒண்ணுதான். வருஷம் பூரா ஒருநாள் கூட லீவு போடாத புள்ளைகளுக்கு ஜனவரி 26 கொடியேத்தும்போது மெடலும் சர்டிபிகேட்டும் உண்டு, அதனால தேவையில்லாம லீவு போடாதீங்கன்னு.

சிரிச்சுட்டு விட்டிருப்பேன். மறுநாள் காலைல கட தொறந்து சாம்பிராணி கூட போடல, ஒரு அப்பத்தா போன கையில வச்சுக்கிட்டு வந்து நிக்குது. “ஏத்தா, இதுல ஸ்கூல்ல இருந்து என்னமோ அனுப்பிருக்காகளாம், பேரன் பரீட்சைக்குப் போயிட்டான், மருமக வேலைக்குப் போயிருச்சு, நீ படிச்சுச் சொல்லு, பீஸு கட்டச் சொல்றாகளா?” பாத்தா அதே சர்குலர், அதே ஸ்கூல், பேரன் ஆறாங்கிளாஸாம். நான் என்னத்தச் சொல்றது, பூட்ஸு வாங்கச் சொல்லிருக்காங்கன்னா? “பீஸெல்லாம் இல்ல அப்பத்தா, குளிருக்குப் பத்திரமா இருக்கச் சொல்லிருக்காங்க”ன்னேன். “அதுக்கா இம்புட்டு எழுதிருக்காக”ன்னு கேட்டுட்டு இடுப்புல இருந்து சுருக்குப் பையத் தொறந்து ஒரு காலி அட்டைய எடுத்து நீட்டுது. “இதே மாத்திர பத்து ரூவாய்க்குக் குடு, பயலுக்கு மூணு நாளா மேலு சுடுது, காலைல ஒண்ணு போட்டுத்தான் பரீட்சைக்கு அனுப்புனோம்.”

அட்டையப் பாத்தா பாராசிட்டமால் 650. பையன் எத்தன கிலோ இருப்பான் அப்பத்தான்னு கேட்டேன். “அவன் என்ன நெல்லு மூட்டையா நிறுத்துப் பாக்க”ன்னு சிரிக்குது. அப்புறம் போன்ல போட்டோவக் காட்டுச்சு, ஒல்லிக்குச்சியா ஒரு பய, 27, 28 கிலோ இருந்தா அதிகம். கணக்கு என்னன்னா புள்ளைகளுக்கு ஒரு தடவைக்கு ஒரு கிலோவுக்கு 10ல இருந்து 15 மில்லிகிராம், அவ்வளவுதான். 28 கிலோ பயலுக்கு 280ல இருந்து 420க்குள்ள, 650ங்கிறது பெரியாளுக்கு உள்ளது. ஒரு தடவ குடுத்தா அடுத்த தடவைக்கு நாலுல இருந்து ஆறு மணி நேரமாவது இடைவெளி, ஒரு நாளைக்கு நாலு தடவைக்கு மேல கூடாது. இந்த வயசுல இன்னொரு சிக்கல் என்னன்னா ஒரே ஏழாங்கிளாஸ்ல 27 கிலோ பயலும் இருப்பான் 52 கிலோ பயலும் இருப்பான், வயசு சொல்லி மாத்திர வாங்குனா ஒருத்தனுக்குப் பத்தாது இன்னொருத்தனுக்கு ஜாஸ்தி. அதனால கடைக்கு வரும்போது எடைய சொல்லுங்க, தெரியலன்னா எங்க கடை வாசல்ல மிஷின் கெடக்கு, காசெல்லாம் வேணாம்.

அப்பத்தாவப் பத்தி குத்தம் சொல்ல எனக்கு யோக்கியத இல்லன்னும் சொல்லிர்றேன். நவம்பர்ல என் பையனுக்கு ராத்திரி 101 அடிச்சுச்சு. விடியக்காலைல அவனே எந்திரிச்சு வந்து “அம்மா, ஜூன்ல இருந்து ஒருநாள் கூட லீவு போடலம்மா, இன்னைக்குப் போடலன்னா மெடலு போயிரும்மா”ன்னு அழுகுறான். எனக்கும் கடையில ஆள் இல்லாத நாளு, அவுக அப்பா டாடா ஏஸ எடுத்துக்கிட்டு திண்டுக்கல் லோடுக்குப் போயிட்டாரு, அத்தை வேற ஊருக்குப் போயிருந்தாங்க. ஏழர மணிக்கு மாத்திரையப் போட்டு, வேன்ல ஏத்தி விட்டுட்டேன். 14 வருஷமா ஊருக்கெல்லாம் புத்தி சொல்ற கை அது. பன்னெண்டரைக்கு போன் வருது, பெஞ்சுல தலைய வச்சுப் படுத்துக் கெடக்கான், சாப்பாடு வேணாம்ங்கிறான், வந்து கூட்டிட்டுப் போங்கன்னு. ஏழரையும் அஞ்சும் பன்னெண்டர, மாத்திரை வேலைய முடிச்சுட்டுப் போயிருச்சு. அது சூட்டத்தான் எறக்கும், கிருமியக் கொல்லாதுன்னு தெனம் பத்து பேருக்குச் சொல்ற நானே அத மறந்துட்டேன் பாருங்க. மறுவாரம் அவன் பெஞ்சுல இருந்த மூணு பயலுகளும் லீவு, கணக்கு டீச்சரும் லீவு. என் பையன்கிட்ட இருந்துதான் எல்லாருக்கும் போச்சான்னு எனக்குத் தெரியாது, ஆனா அந்த அம்மாமாருக எங்க கடைக்குத்தான் சிரப் வாங்க வந்தாங்க, முகத்தப் பாத்து பில் போட முடியல.

இதுக்கு ஒரே ஒரு வரி போதும்ங்க, அத தமிழ்ல போட்டு அனுப்புங்கன்னுதான் கேக்குறேன். மாத்திர போடாமலே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாம இருந்தாத்தான் ஸ்கூலுக்கு அனுப்புங்க. அவ்வளவுதான். மாத்திர போட்டு எறக்குன காய்ச்சல் கணக்குல வராது. காய்ச்சல்னா தொட்டுப் பாக்குறதும் கழுத்துல கை வைக்கிறதும் இல்ல, தெர்மாமீட்டர்ல 100.4க்கு மேல. எரநூறு ரூவாய்க்குள்ள டிஜிட்டல் தெர்மாமீட்டர் வந்துருது, ஒரு பிரியாணி காசு.

ஆனா சும்மா வீட்டுல வச்சுக்கோங்கன்னு சொல்றதும் ஈசியில்ல, அது எனக்குத் தெரியும். ரெண்டு பேரும் வேலைக்குப் போற வீட்டுல காய்ச்சக்காரப் புள்ளைய யாரு பாக்குறது, ஒருநாள் லீவு போட்டா அன்னைக்குக் கூலி போச்சு, ஸ்கூலுக்கு அனுப்புனா மத்தியானச் சோறும் முட்டையும் கெடைக்கும், ஒரு ஆளும் கண்ணு முன்னாடி இருக்கும். எங்க கடைக்கு வர்ற பாதிப் பொம்பளைங்க கத இதுதான். அதனாலதான் மெடல் மேல எனக்கு இம்புட்டுக் கோவம். ஏற்கெனவே அனுப்பிறலாமா வேணாமான்னு தள்ளாடிக்கிட்டு இருக்குற வீட்டுல, அனுப்புங்கன்னு ஒரு கை தள்ளி விடுது அந்த மெடலு. அதுல என்ன சாமர்த்தியம் இருக்குன்னும் எனக்குப் புரியல, ஒரு புள்ளைக்கு நோவு வராம இருந்தது அவன் அதிர்ஷ்டம், நோவோட வந்தவன் பக்கத்துப் புள்ளைக்குக் குடுத்தவன், ரெண்டு பேருக்கும் ஒரே சர்டிபிகேட்டு.

பரீட்சையும் அப்படித்தான். மழையும் பனியும் மாறி மாறி அடிக்கிற டிசம்பர்லதான் ஆஃப் இயர்லி வருது. ஆறு ஏழு எட்டு படிக்கிற புள்ளைகளுக்கு அந்த மார்க்க வச்சு என்ன கலெக்டர் வேலையா குடுக்கப் போறாங்க, காய்ச்சல்ல விட்ட பரீட்சைய லீவு முடிஞ்சு ஜனவரியில எழுத விட்டா என்ன? சில ஸ்கூல்ல விடுறாங்க, கேள்விப்பட்டேன். எங்க ஸ்கூல்ல விட மாட்டேங்குறாங்க.

இப்ப கவுண்டர்ல நான் பாக்குற சிலதச் சொல்றேன், சர்குலர் எழுதுறவங்களுக்கு உதவும்.

மொத விஷயம், செட்டு. “காய்ச்சல் சளிக்கு ஒரு செட்டு மாத்திர குடுங்கக்கா”ன்னு கேக்காத நாளே இல்ல. பெரியாளுக்கே அது தப்பு, இப்ப புள்ளைகளுக்கும் கேக்குறாங்க. சளி மாத்திரை நெறையதுக்குள்ளயே பாராசிட்டமால் கலந்திருக்கும், அதுக்கு மேல தனியா ஒரு பாராசிட்டமால், அதுக்கு மேல வீட்டுல இருக்குற சிரப்பு, ஆக மொத்தம் ஒரே மருந்து மூணு பேருல உள்ள போகுது, கல்லீரல் தாங்காது. அடுத்தது “அந்த மூணு மாத்திர அட்ட”ன்னு ஆன்டிபயாடிக் கேக்குறது. ஜலதோஷம், ஃப்ளூ எல்லாம் வைரஸ், அதுக்கு ஆன்டிபயாடிக் ஒண்ணுமே செய்யாது. அட்டைக்குப் பின்னாடி செவப்பா ஒரு கோடு நெடுக்க போட்டிருப்பான் பாருங்க, அது டாக்டர் சீட்டு இல்லாம வாங்கக்கூடாதுன்னு அர்த்தம், 2016ல இருந்து கவர்மெண்டு அதச் சொல்லிக்கிட்டே இருக்கு. நான் தர மாட்டேன்னா “நீ என்னம்மா டாக்டரா”ன்னு திட்டிட்டு அடுத்த கடைக்குப் போவாங்க. போகட்டும். ஆஸ்பிரின் புள்ளைகளுக்குக் கூடவே கூடாது. டெங்கு சீசன்ல இபுப்ரூஃபன், டைக்ளோ ஊசி மாதிரி வலி மருந்து எதுவும் டாக்டர் பாக்காம வேணாம், ரத்தக்கசிவு வரலாம்.

இருமல் சிரப்புக்கு இந்த வருஷம் கூட்டம் கொறஞ்சிருக்கு. 2025 செப்டம்பர், அக்டோபர்ல மத்தியப் பிரதேசத்துல சிரப்பு குடிச்ச சின்னக் கொழந்தைக கிட்னி பழுதாகிச் செத்துப்போனதும், அந்த சிரப்பு நம்ம காஞ்சிபுரம் மாவட்டத்துல தயாரானதும், உள்ள டை எத்திலீன் கிளைக்கால்னு ஒரு விஷம் இருந்ததும் எல்லாரும் பேப்பர்ல படிச்சதுதான். அந்தச் செய்தி வந்த அன்னைக்கு எங்க முதலாளி ராக்குல இருந்த சிரப்பையெல்லாம் எறக்கி பேட்ச் நம்பர ஒண்ணொண்ணா கண்ணாடி போட்டுப் பாத்தாரு, நான் ஒரு ஓரமா உக்காந்து எழுதுனேன், ராத்திரி பதினோரு மணி ஆச்சு. பதினோரு பன்னெண்டு வயசுப் புள்ளைக்கு சாதா இருமலுக்குத் தேனும் வெந்நியும் உப்புத்தண்ணிக் கொப்பளிப்பும் போதும், ஒரு வாரம் பத்து நாள் இருமல் இழுக்கத்தான் செய்யும். எங்க அத்தை நொச்சி எல போட்டு ஆவி பிடிக்க வைப்பாங்க, தூதுவளை ரசம் வைப்பாங்க, குடிக்க நல்லாருக்கும், மூக்கும் கொஞ்சம் தொறக்கும். ஒரே ஒரு விஷயம், கொதிக்கிற சட்டிய புள்ள மடியில வச்சு போர்வைய மூடாதீங்க, ஆவி பிடிக்கப் போயி தொட வெந்து பர்னால் வாங்க வந்தவங்கள வருஷத்துக்கு ரெண்டு பேரையாவது பாத்துருவேன். வாழப்பழம் குடுத்தா சளி புடிக்கும், தயிர் குடுத்தா நெஞ்சு கட்டும்ங்கிறதுல அத்தைக்கும் எனக்கும் இன்னும் சண்ட தீரல.

டெங்குவ மட்டும் கொஞ்சம் விரிவாவே சொல்லணும், இதுல ஏமாறுறது படிக்காதவங்க மட்டும் இல்ல. மத்த காய்ச்சல்ல சூடு விட்டா அப்பாடான்னு இருக்கலாம். டெங்குல வம்பு ஆரம்பிக்கிறதே காய்ச்சல் விடுற நேரத்துலதான், மூணாம் நாள்ல இருந்து ஏழாம் நாளுக்குள்ள. ரத்தக்குழாய்ல இருந்து நீர் கசிய ஆரம்பிக்கிறது அப்பத்தான். வெளிய பாத்தா காய்ச்சல் இல்ல, புள்ள சொணங்கிப் போயி படுத்திருக்கும், நம்ம காய்ச்சல் அசதின்னு நெனப்போம். அந்த ரெண்டு மூணு நாள்ல வயித்து வலி, நிக்காத வாந்தி, ஈறுலயோ மூக்குலயோ ரத்தம், கருப்பா வெளிக்குப் போறது, கை கால் ஜில்லுன்னு ஆகுறது, ஆறு மணி நேரத்துக்கு மேல ஒண்ணுக்குப் போகாம இருக்கிறது, இதுல ஒண்ணு வந்தாலும் ராத்திரி ரெண்டு மணின்னாலும் ராஜாஜி ஆஸ்பத்திரிக்குக் கெளம்பிறணும், விடியட்டும்னு பாக்கக்கூடாது, 108 கூப்பிட்டா வரும். டெஸ்ட்டு எடுக்குறதுலயும் கணக்கு இருக்கு, மொத அஞ்சு நாளைக்கு என்.எஸ்.1 டெஸ்ட்டு, அதுக்கு அப்புறம் ஐ.ஜி.எம். டெஸ்ட்டு, நாள மாத்தி எடுத்தா டெங்கு இருந்தும் இல்லன்னு வரும். எல்லாரும் பிளேட்லெட்டு எத்தன ஆயிரம்னு மட்டும் கேட்டுக்கிட்டு பப்பாளி எலைய அரைக்கிறாங்க, ரத்தம் எம்புட்டு கெட்டியாகுதுன்னு சொல்ற பி.சி.வி. நம்பர யாரும் கேக்குறதில்ல, டாக்டருக எத மொதல்ல பாக்குறாங்கன்னு நின்னு கவனிச்சுப் பாருங்க. நிலவேம்பு குடிக்கிறதும் குடிக்காததும் அவங்கவங்க விருப்பம், அதக் குடிச்சோம்னு டெஸ்ட்டு எடுக்காம மட்டும் இருக்காதீங்க.

டெங்குவப் பரப்புற கொசு கடிக்கிறது பகல்லதான், அதாவது புள்ளைக ஸ்கூல்ல இருக்குற நேரத்துல. வீட்டுல ராத்திரி குட் நைட் போட்டுட்டோம்னு நிம்மதியா இருக்கோம். எங்க ஏரியாவுல தண்ணி நாலு நாளைக்கு ஒருதடவ வருது, டிரம்முல புடிச்சு வைக்காம என்ன செய்ய முடியும், ஆனா வாரம் ஒருக்கா காலி பண்ணி உள்பக்கம் தேங்கா நாரு போட்டுத் தேச்சுக் கழுவணும். சும்மா தண்ணியக் கொட்டுனா பத்தாது, முட்டை ஓரத்துல ஒட்டிக்கிட்டு காஞ்சாலும் மாசக்கணக்குல உயிரோட கெடக்கும், மறுபடி தண்ணி பட்டா பொரிஞ்சுரும், பத்து நாளுக்குள்ள கொசு. ஃப்ரிட்ஜுக்குப் பின்னாடி தண்ணி தேங்குற ஒரு டிரே இருக்கும், நிறைய பேரு அத வாங்குன நாள்ல இருந்து பாத்ததே இல்ல. ஸ்கூல்லயும் கொஞ்சம் பாக்கணும். என் பையன் ஸ்கூலுக்குப் பின்னாடி ஒடஞ்ச பிளாஸ்டிக் சேர் இருவது முப்பது குமிச்சுக் கெடக்கு, ஒவ்வொண்ணுலயும் மழத்தண்ணி. பூட்ஸ் வாங்கச் சொன்ன சர்குலருக்கு எடுத்த நேரத்துல அந்தச் சேரக் கவுத்திருக்கலாம்.

வயித்தால போறதும் இந்த சீசன்ல ஜாஸ்தி, கண்மாய் நெறஞ்சு சாக்கடையும் குடிதண்ணியும் ஒண்ணாகுற தெருவுல கேக்கவே வேணாம். ஓ.ஆர்.எஸ். பாக்கெட் வாங்கிட்டுப் போயி ஒரு டம்ளர்ல கரைச்சுக் குடுக்குறாங்க, நான் கண்ணால பாத்திருக்கேன். பெரிய பாக்கெட் முழு ஒரு லிட்டர் தண்ணிக்கு உள்ளது, காச்சி ஆற வச்ச தண்ணி, கரைச்சத 24 மணி நேரத்துக்குள்ள குடிச்சு முடிக்கணும். கெட்டியா கரைச்சா பேதி இன்னும் கூடத்தான் செய்யும். அட்டப்பெட்டியில பழ ருசியோட ஓ.ஆர்.எஸ்.னு பேரு போட்டு வித்ததெல்லாம் சக்கரத் தண்ணி, அந்தப் பேரு போடக்கூடாதுன்னு 2025 அக்டோபர்ல உத்தரவே வந்துருச்சு.

மெட்ராஸ் ஐ வந்த புள்ளையப் பாத்தா ஒட்டாது, தொட்ட கைய நம்ம கண்ணுல வச்சாத்தான் ஒட்டும், கூலிங் கிளாஸ் போட்டு ஸ்கூலுக்கு அனுப்புறதுல ஒரு பிரயோஜனமும் இல்ல. பக்கத்து வீட்டுக்குக் குடுத்த அதே சொட்டு மருந்தக் குடுங்கன்னு வராதீங்க, சிலதுல ஸ்டீராய்டு இருக்கும். பொன்னுக்கு வீங்கிக்கு சங்கிலி போட்டா கொறையும்னு போடுறாங்க, போட்டுக்கட்டும், ஆனா அஞ்சு நாளாவது வீட்டுல வச்சுக்கணும். 2017ல ஸ்கூல் ஸ்கூலா வந்து போட்ட ஊசி தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும்தான், பொன்னுக்கு வீங்கிக்கு அதுல மருந்து கெடையாது, அது நிறைய அம்மாமாருக்குத் தெரியாது. ஃப்ளூ ஊசி கவர்மெண்டு அட்டவணைல இல்ல, ப்ரைவேட்ல ஆயிரத்துக்கு மேல ஆகும், வீசிங் உள்ள புள்ளைகளுக்கு மட்டுமாவது டாக்டர்கிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கோங்க.

வீசிங்னு சொன்னதும்தான் ஞாபகம் வருது. இன்ஹேலர் பழக்கமாயிரும்னு பயந்து மறைச்சு மறைச்சு வாங்கிட்டுப் போற அம்மாக்கள் இருக்காங்க, பொம்பளப் புள்ளைன்னா இன்னும் ஜாஸ்தி, பின்னாடி மாப்ள வீட்டுல சொல்லணுமேன்னு எட்டாங்கிளாஸ் புள்ளைக்கு இப்பவே கவல. பழக்கமெல்லாம் ஆகாது, மாத்திரையவிட கொஞ்சூண்டு மருந்து நேரா நெஞ்சுக்குப் போகுது. அத டீச்சர் டேபிள் டிராயர்ல வச்சுப் பூட்டாம புள்ள பையிலயே வச்சுக்க விடுங்கன்னு ஸ்கூல்கிட்ட கேக்குறேன். போகி அன்னைக்கு டயர் கொளுத்துறவங்ககிட்டயும் கேக்கலாம், கேக்க மாட்டாங்க.

தண்ணி குடிக்கிறது. குளிருன்னா புள்ளைக தண்ணியே குடிக்காது, பாட்டில் கொண்டு போன மாதிரியே திரும்பி வருது. பொம்பளப் புள்ளைகளுக்கு இன்னொரு காரணமும் இருக்கு, ஸ்கூல் பாத்ரூமுக்குப் போகப் பிடிக்காம காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் அடக்கி வைக்கிறது. நீர்க்கடுப்புக்கு மருந்து கேட்டு யூனிஃபார்மோட வர்ற பன்னெண்டு வயசுப் புள்ளைகளப் பாக்கையில வயிறு எரியுது. கேரளாவுல 2019லயே தண்ணி குடிக்கன்னு தனியா பெல் அடிக்க ஆரம்பிச்சாங்க, நல்ல விஷயம், பெல்லோட கூட பாத்ரூமுக்கு ஒரு தாழ்ப்பாளும் பக்கெட்டும் வேணும்.

காலைச் சாப்பாடு இன்னொண்ணு. 2022 செப்டம்பர் 15 அன்னைக்கு முதலமைச்சரோட காலை உணவுத் திட்டம் தொடங்குனதே நம்ம மதுரை சிம்மக்கல்லுலதான், ஒண்ணுல இருந்து அஞ்சாங்கிளாஸ் வரைக்கும். எங்க எதுத்த வீட்டுப் புள்ள மாநகராட்சி ஸ்கூல்ல அஞ்சாவது வரைக்கும் உப்புமாவும் கிச்சடியும் சாப்பிட்டுப் பழகிருச்சு, இந்த ஜூன்ல ஆறாங்கிளாஸ் போச்சு, காலைச் சாப்பாடு நின்னுபோச்சு, அவுக அம்மா ஆறு மணிக்கே பூ கட்டப் போயிரும், புள்ள வெறும் டீயோட போகுது. வாரத்துக்கு ஒருநாள் ஸ்கூல்ல நீல கலர்ல சத்து மாத்திர குடுப்பாங்களே, இரும்புச் சத்து, அத வெறும் வயித்துல போட்டு ரெண்டு தடவ வாந்தி எடுத்துட்டு இப்ப மாத்திரையே வேணாம்ங்குது. தப்பு மாத்திரையில இல்ல, சாப்பிட்டுப் போடணும். அஞ்சு வயசுலயும் பசிக்கும், பன்னெண்டு வயசுல அதவிட ரெண்டு மடங்கு பசிக்கும், அந்தத் திட்டத்த எட்டாவது வரைக்கும் நீட்டுனா மிடில் ஸ்கூல் புள்ளைகளுக்கு அதவிடப் பெரிய டானிக் நான் கவுண்டர்ல விக்கல.

நனஞ்ச ஷூவோட நாள் பூரா உக்காந்து சேத்துப்புண்ணு வர்றதும் நிறைய. ராத்திரி பேப்பரச் சுருட்டி ஷூவுக்குள்ள திணிச்சு வச்சா காலைல பாதி காஞ்சிரும், எங்க வீட்டுல உங்க பேப்பரத்தான் திணிக்கிறோம், கோவிச்சுக்காதீங்க. சாக்ஸ் ஒண்ணு பையில கூட வச்சு விடலாம், மழ அன்னைக்கு மட்டும் செருப்போட வர ஸ்கூல் விட்டுச்சுன்னா அதுவும் வேணாம்.

இதையெல்லாம் ஒரு பக்கத்துல தமிழ்ல எழுதி, திங்கக்கிழமை கடைக்கு மதியத்துக்கு மேல வர்றேன்னு சொல்லிட்டு ஹெச்.எம்.மப் பாக்கப் போனேன். நல்ல மனுஷர்தான், உக்காரச் சொன்னாரு, படிச்சாரு. “எல்லாம் சரிம்மா, இங்கிலீஷ் மீடியம்னு பேரு வச்சுட்டு தமிழ்ல சர்குலர் விட்டா பேரன்ட்ஸே கொற சொல்வாங்க”ன்னாரு. அட்டென்டன்ஸ் மெடல் பத்திக் கேட்டேன், மெடலுக்கு ஆர்டர் குடுத்தாச்சாம். அடுத்த வருஷம் பாப்போம்னாரு. வெளிய வர்றப்போ ஆறாங்கிளாஸ் வாசல்ல அந்த அப்பத்தாவோட பேரன் நின்னுக்கிட்டிருந்தான், போட்டோல பாத்த அதே ஒல்லிக்குச்சி, மூக்க சட்டைக் கையில தொடைச்சுக்கிட்டு. ஸ்கூல் தரலன்னாலும் எங்க கடை வாசல்ல அந்தப் பக்கத்த ஒட்டிட்டேன், எட மிஷினுக்கு மேல. நின்னு படிக்கிறாங்க, படிக்கத் தெரியாதவங்களுக்குப் பக்கத்துல நிக்கிறவங்க படிச்சுக் காட்டுறாங்க. மருந்து விவரத்துல சந்தேகம்னா 104க்கு போன் பண்ணலாம்னும் அடியில எழுதியிருக்கேன்.

என் பையன் அன்னைக்குப் பாதியில வந்ததுக்கு அரநாள் போட்டுட்டாங்க, மறுநாள்ல இருந்து நாலு நாள் நானே வீட்டுல வச்சுக்கிட்டேன், மெடல் போச்சு. ரெண்டு நாள் எங்கிட்ட பேசல.

இத நீங்க போடுறதா இருந்தா எடம் பத்தலன்னு மருந்துப் பகுதிய வெட்டிக்கோங்க, லீவு பத்தி எழுதுனத வெட்டாதீங்க. என் பேரு போட வேணாம், ஸ்கூல் பேரும் கேக்காதீங்க, பையன் இன்னும் ஒரு வருஷம் அங்கதான் படிக்கணும்.

இப்படிக்கு,
ஒரு ஏழாங்கிளாஸ் பையனோட அம்மா,
மதுரை.